91-ஆ, 95-ஆ, 100-ஆ? காருக்கு எந்த பெட்ரோல் போடணும்? இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் தாமஸ் மிட்ஜ்லி யார்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டினால் திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாளுக்கு மாலை சாத்த வரும் குடும்பங்கள், மாமல்லபுரம் பார்க்கப் போகிறவர்கள், அப்படியே புதுச்சேரி வரை ஒரு ரவுண்டு அடிப்பவர்கள் என வார இறுதியில் இந்தச் சாலை முழுக்க கார்கள்தான். வழியில் பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினால் நார்மலா, பிரீமியமா என்று கேட்பார்கள். பலரும் ஒரு நொடி யோசிப்பார்கள். நல்ல காருக்கு நல்ல பெட்ரோல் போட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கூடுதல் காசு கொடுப்பவர்கள் உண்டு. எல்லாம் ஒரே பெட்ரோல்தான், சும்மா காசு பிடுங்குகிறார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு.

இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. நார்மல், பிரீமியம் என்ற பிரிவே ஓர் எண்ணை வைத்துத்தான் வந்தது. அந்த எண்ணின் பெயர் ஆக்டேன். அந்த எண் தேவைப்படும் அளவுக்கு கார் இன்ஜினும் பெட்ரோலும் மாறியதில் பெரும்பங்கு ஓர் அமெரிக்க இன்ஜினீயருடையது. அவர் பெயர் தாமஸ் மிட்ஜ்லி. இன்ஜினின் ஒரு பெரிய நோயைக் குணப்படுத்தியவர். அதற்கு அவர் கொடுத்த மருந்துதான் உலகம் முழுக்க, சென்னை உட்பட, காற்றில் ஈயத்தைக் கலந்தது.

யார் இந்த மிட்ஜ்லி?

1889-ம் ஆண்டு மே 18-ம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில். அப்பாவும் கண்டுபிடிப்பாளர், டயர் சம்பந்தமான வேலைகளைச் செய்தவர். மிட்ஜ்லி கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து 1911-ல் மெக்கானிக்கல் இன்ஜினீயர் ஆனார். வேதியியல் பட்டம் அவரிடம் கிடையாது. ஆனால் பின்னாளில் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தலைவராகவே ஆனார்.

1916-ல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் நடத்திய ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கெட்டரிங் சாதாரண ஆள் இல்லை. கைப்பிடியைப் போட்டுச் சுற்றாமல், ஸ்விட்சை அழுத்தியே காரை ஸ்டார்ட் பண்ணும் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவர். அவருக்கு அப்போது ஒரு தலைவலி இருந்தது. புது கார்களில் இன்ஜினுக்குள் கட கடவென்று சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன்தான் இதற்குக் காரணம் என்று பலரும் பழி போட்டார்கள். அது என்ன சத்தம் என்று கண்டுபிடிக்கும் வேலை மிட்ஜ்லியிடம் வந்தது.

இன்ஜின் ஏன் தட்டுது?

நம்ம ஊர் மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். இன்ஜின் தட்டுது என்றும் சொல்வார்கள். ஏசியைப் போட்டு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, மேம்பாலம் ஏறும்போது கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சில வண்டிகளில் இந்தச் சத்தத்தைக் கேட்கலாம்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. நெருப்பு அங்கிருந்து ஒழுங்காகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அழுத்தும்போது கலவை சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாகிறதே, அதேதான். சூடு அளவுக்கு மீறினால், நெருப்பு வந்து சேருவதற்கு முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே குப்பென்று பற்றிக்கொள்ளும். அப்போது எழும் அழுத்த அதிர்ச்சிதான் தட்டும் சத்தம். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் ஓட்டையாகும், ஹெட் கேஸ்கெட் போகும்.

மிட்ஜ்லி சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்யும் கருவியை அமைத்துப் பார்த்தார். பொறி விழுந்த பிறகுதான் அழுத்தம் திடீரென்று எகிறியது. ஆக, கெட்டரிங்கின் இக்னிஷன் மீது தப்பில்லை. தப்பு எரிபொருளில் இருந்தது.

இதில் காசும் இருக்கிறது. கலவையை எவ்வளவு அதிகமாக அழுத்துகிறோமோ, அதே பெட்ரோலில் இன்ஜின் அவ்வளவு அதிக வேலையைச் செய்யும். அழுத்தத்தைக் கூட்டவிடாமல் தடுத்த சுவர் நாக்கிங்தான். அதை உடைத்தால் சின்ன இன்ஜினிலேயே பெரிய சக்தி கிடைக்கும், மைலேஜும் கூடும்.

சிவப்பு இலையும் அயோடினும்

மிட்ஜ்லியின் முதல் யோசனையைக் கேட்டால் சிரிப்பு வரும். அமெரிக்காவில் பனி விலகும் முன்பே பூக்கும் ஒரு செடி உண்டு. அதன் இலையின் பின்பக்கம் சிவப்பாக இருக்கும். சிவப்பு நிறம் வெப்பத்தை உறிஞ்சுவதால்தான் அந்தச் செடி சீக்கிரம் பூக்கிறது என்று நினைத்தார். எரிபொருளுக்கும் சிவப்புச் சாயம் போட்டால் அது வெப்பத்தை வாங்கி வேகமாக ஆவியாகும், சத்தமும் நிற்கும் என்று கணக்குப் போட்டார்.

1916 டிசம்பரில் ஆய்வுக்கூடத்தில் சிவப்புச் சாயம் கைவசம் இல்லை. எண்ணெயில் கரைந்து நிறம் கொடுக்கும் அயோடின் இருந்தது. அதைப் போட்டார். சத்தம் குறைந்தது! சந்தோஷத்தில் நிஜமான சிவப்புச் சாயங்களை வாங்கிப் போட்டுப் பார்த்தார். எதுவும் வேலை செய்யவில்லை. நிறத்துக்கும் நாக்கிங்குக்கும் சம்பந்தமே இல்லை. வேலை செய்தது அயோடின் என்ற பொருள்தான்.

கணிப்பு தப்பு, ஆனால் வழி திறந்துவிட்டது. எரிபொருளில் மிகச் சிறிய அளவு வேறொரு பொருளைச் சேர்த்தாலே நாக்கிங்கை அடக்கலாம் என்பது தெரிந்தது. அயோடின் விலை அதிகம், இன்ஜினையும் அரிக்கும். வேறு பொருளைத் தேட வேண்டும்.

பூண்டு நாற்றம், பிறகு ஈயம்

அடுத்து அனிலின் வந்தது. கொஞ்சம் நன்றாகவே வேலை செய்தது. பிறகு செலினியம், டெலூரியம். டெலூரியம் சேர்மங்கள் பிரமாதமாக நாக்கிங்கை அடக்கின. ஆனால் நாற்றம் தாங்கவில்லை. பூண்டு வாடை மாதிரி உடம்பிலேயே ஏறிக்கொண்டது. குளித்தாலும் துணி மாற்றினாலும் போகவில்லை. அந்த நாற்றத்தோடு எந்த பெட்ரோலையும் விற்க முடியாது.

அதன்பிறகு மிட்ஜ்லி குருட்டாம்போக்கில் தேடுவதை நிறுத்தினார். தனிமங்களின் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போனால் பலன் கூடுகிறது என்று பார்த்தார். அது அவரை அட்டவணையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கன உலோகங்களிடம் கொண்டுபோனது. 1921 டிசம்பர் 9-ம் தேதி டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சோதனை இன்ஜினில் ஊற்றினார்கள். ஆயிரம் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை. சத்தம் நின்றுபோனது.

ஈயம் எரிந்து மிச்சமாகும் கசடு வால்விலும் பிளக்கிலும் படிந்தது. அதை வெளியேற்ற புரோமின் சேர்மம் ஒன்றையும் கலந்தார்கள். அவ்வளவு புரோமினுக்கு எங்கே போவது? கடல் நீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1934-ல் அமெரிக்காவின் வடக்குக் கரோலினா கடற்கரையில் இதற்காகவே ஒரு ஆலை வந்தது. ஈயமும் புரோமினும் சேர்ந்து புகைக்குழாய் வழியே வெளியே போயின. அதாவது இன்ஜின் சுத்தமானது, தெரு அழுக்கானது.

1923 பிப்ரவரி 2-ம் தேதி டேட்டன் நகரில் ஈய பெட்ரோல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதற்கு வைத்த பெயர் எத்தில். பெயரில் ஈயம் என்ற வார்த்தையே இல்லை. அதே ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்களும் எத்தில் பெட்ரோலில் ஓடியவை. இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா?

எத்தனால் ஏன் கைவிடப்பட்டது?

இந்தக் கதையில் இன்றைய இந்தியாவுக்கு நெருக்கமான இடம் இதுதான். எத்தனால், அதாவது ஆல்கஹால், நாக்கிங்கை அடக்கும் என்பது மிட்ஜ்லிக்கு நன்றாகத் தெரியும். ஈயத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்பு ஆல்கஹால் கலந்த எரிபொருளைப் பற்றி அவரே ஆராய்ந்து, இன்ஜினீயர்கள் முன்னிலையில் அதை ஆதரித்தும் பேசியவர்.

ஆனால் ஈயம் சில துளி போதும், ஆல்கஹால் சதவீதக் கணக்கில் வேண்டும். பெட்ரோல் கம்பெனிகளுக்குத் தங்கள் சரக்கில் ஒரு பங்கை விவசாயியிடம் விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், அதற்குக் காப்புரிமை வாங்கி உட்கார முடியாது. ஈயச் சேர்மத்துக்கு அது முடியும். 1924-ல் ஜெனரல் மோட்டார்ஸும் நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியும் சேர்ந்து எத்தில் கார்ப்பரேஷனைத் தொடங்கின. மிட்ஜ்லி அதன் துணைத் தலைவர்களில் ஒருவர்.

பட்டாம்பூச்சி பிடித்த தொழிலாளர்கள்

ஈயம் விஷம் என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. பெயின்ட், குழாய், அச்சகத் தொழில்களில் ஈயம் செய்யும் கேடு மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். டெட்ராஎத்தில் லெட் அதைவிட மோசம். திரவமாக இருப்பதால் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், ஆவியாக மூச்சு வழியாகவும் போகும், நேராக மூளையைத் தாக்கும்.

நியூஜெர்சியில் டீப்வாட்டர் என்ற இடத்தில் இருந்த ஆலையில் வேலை செய்தவர்கள் இல்லாத பூச்சிகளைக் காற்றில் துரத்தினார்கள். அந்தக் கட்டடத்துக்குப் பட்டாம்பூச்சி வீடு என்று தொழிலாளர்களே பெயர் வைத்தார்கள். 1924 அக்டோபரில் அதே மாநிலத்தின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் 5 தொழிலாளர்கள் சில நாட்களுக்குள் இறந்துபோனார்கள். 30-க்கும் மேற்பட்டோர் புத்தி பேதலித்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். நியூயார்க் நகரம் ஈய பெட்ரோல் விற்பனைக்குத் தடை போட்டது.

அக்டோபர் 30-ம் தேதி மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூட்டினார். அவர்கள் கண் முன்னே அந்தத் திரவத்தில் கையைக் கழுவினார். சுமார் ஒரு நிமிடம் அதன் ஆவியை முகர்ந்து காட்டினார். ஆபத்து ஒன்றும் இல்லை என்று நிரூபிப்பதுதான் நோக்கம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே இதே ஈயத்தால் அவருக்கு உடம்பு கெட்டு, வேலையை விட்டுவிட்டு வெயில் ஊருக்குப் போய் ஓய்வெடுத்தவர் அவர். தெரியாமல் செய்தார் என்று சொல்ல வழியில்லை.

1925 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு மாநாட்டைக் கூட்டினார். தொழில் நோய்களில் பெரிய பெயர் பெற்ற ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் ஈய பெட்ரோலைக் கடுமையாக எதிர்த்தார். விற்பனை தற்காலிகமாக நின்றது. சில மாதங்களே வேலை செய்த நிபுணர் குழு, தடை போடும் அளவுக்கு ஆதாரம் இல்லை, ஆனாலும் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று 1926 தொடக்கத்தில் அறிக்கை கொடுத்தது. விற்பனை மீண்டும் தொடங்கியது. தொடர்ந்து ஆராயும் வேலையோ பல ஆண்டுகளுக்கு அந்தத் தொழில் கொடுத்த பணத்தில்தான் நடந்தது.

ஆக்டேன் எண் எப்படி வந்தது?

இந்தப் பெட்ரோல் அந்தப் பெட்ரோலைவிட நாக்கிங்கைத் தாங்கும் என்று சொன்னால் போதுமா? அளக்க ஒரு அளவுகோல் வேண்டாமா? எத்தில் கார்ப்பரேஷனில் வேலை செய்த கிரஹாம் எட்கர் 1920-களின் நடுவில் அதை உருவாக்கினார்.

ஐசோ ஆக்டேன் என்ற பொருள் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். அதற்கு 100 மார்க். நார்மல் ஹெப்டேன் என்ற பொருள் கொஞ்சமும் தாங்காது. அதற்கு பூஜ்யம். சோதனை இன்ஜினில் உங்கள் பெட்ரோல் எந்தக் கலவையைப் போல நடந்துகொள்கிறதோ, அந்தக் கலவையில் ஐசோ ஆக்டேன் எத்தனை சதவீதமோ அதுதான் அதன் ஆக்டேன் எண். 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவைக்குச் சமமாகத் தாங்கும் என்று பொருள். அவ்வளவுதான்.

பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது. பெட்ரோல் எவ்வளவு சுத்தம் என்பதையும் சொல்லாது. எவ்வளவு அழுத்தினாலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு பொறுமையாக இருக்கும் என்பதை மட்டுமே சொல்லும்.

ஃபிரிட்ஜுக்கும் இவரேதான்

மிட்ஜ்லி ஈயத்தோடு நிற்கவில்லை. அந்தக் காலத்து ஃபிரிட்ஜ்களில் அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் இருந்தன. கசிந்தால் வீட்டில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. தீப்பிடிக்காத, விஷமில்லாத ஒரு வாயு வேண்டும் என்று கெட்டரிங் 1928-ல் கேட்டார். சில நாட்களிலேயே மிட்ஜ்லியின் குழு ஃப்ரியான் குடும்பத்தைக் கண்டுபிடித்தது. 1930-ல் வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவர்த்தி மீது ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, எரியவும் இல்லை. இந்த முறை அவர் காட்டியது உண்மைதான்.

ஆனால் அந்த வாயு மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்பதை மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974-ல் சொன்னார்கள். 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. மிட்ஜ்லி அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

கயிறும் கப்பியும்

1940-ல் அவரைப் போலியோ தாக்கியது. அப்போது வயது 51. கால்கள் செயலிழந்தன. யார் உதவியும் இல்லாமல் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார, கயிறுகளும் கப்பிகளும் கொண்ட ஒரு அமைப்பைத் தானே வடிவமைத்துக்கொண்டார். விருதுகள் வந்துகொண்டே இருந்தன. 1941-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் மிக உயர்ந்த பிரீஸ்ட்லி பதக்கம், 1944-ல் அதே சங்கத்தின் தலைவர் பதவி.

1944 நவம்பர் 2-ம் தேதி ஒஹையோவில் தன் வீட்டில், தான் செய்த அந்தக் கயிறுகளே கழுத்தை இறுக்கிய நிலையில் இறந்து கிடந்தார். வயது 55. விபத்தா, அவரே எடுத்த முடிவா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அன்றைக்கு அவருக்குக் கிடைத்த இரங்கல் எல்லாம் மனித குலத்துக்கு நன்மை செய்த மாமனிதர் என்ற தொனியில்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் போர் விமானங்கள் ஈயம் கலந்த 100 ஆக்டேன் எரிபொருளில் பறந்துகொண்டிருந்த காலம் அது.

கணக்கைக் கேட்டவர்

ஈயத்தின் கணக்கைத் திறந்தவர் கிளேர் பேட்டர்சன். பூமியின் வயதை அளக்க வந்த விஞ்ஞானி. சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று 1950-களில் சரியாகக் கணித்தவர். அதற்கு விண்கல்லில் இருக்கும் ஈயத்தை நுட்பமாக அளக்க வேண்டும். ஆனால் ஆய்வுக்கூடம், காற்று, தூசி என எங்கே தொட்டாலும் ஈயம். இது எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனவருக்குக் கிடைத்த முக்கியமான பதில்களில் ஒன்று, கார்களின் புகை. 1965-ல் அதை எழுதினார். ஈயத் தொழில் அவரை விடவில்லை, ஆராய்ச்சிக்கு வந்த பணம் நின்றது. அவரும் விடவில்லை.

1970-களில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கார்களில் வந்தது. ஈயம் பட்டால் அது கெட்டுப்போகும். அந்த நெருக்கடியும் சேர்ந்துதான் ஈயத்தை வெளியேற்றியது. பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய, அமெரிக்கர்களின் ரத்தத்திலும் ஈயம் குறைந்தது. சின்ன வயதில் இந்தப் புகையைச் சுவாசித்த 17 கோடி அமெரிக்கர்களுக்கு அறிவுத்திறனில் பாதிப்பு இருந்திருக்கும் என்று 2022-ல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. கார்களுக்கான ஈய பெட்ரோலைக் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல். சின்ன பிஸ்டன் விமானங்கள் பலவற்றில் ஈய எரிபொருள் இன்னும் இருக்கிறது.

சென்னைக்கு எப்போது விடிவு?

சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா நகரங்களில் 1995 ஏப்ரலில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பொருத்திய புது கார்களுக்காகத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். நாடு முழுவதும் ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். அதற்குச் சற்று முன்பு சென்னை, வேலூர், பெங்களூரு உள்ளிட்ட 7 நகரங்களில் ஒரு தொண்டு நிறுவனம் ரத்தப் பரிசோதனை நடத்தியது. சோதித்த குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கு அன்றைய எச்சரிக்கை அளவுக்கு மேல் ஈயம் இருந்தது.

1990-களில் மவுன்ட் ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்த பள்ளிப் பிள்ளைகள் இன்று நாற்பதை நெருங்கும் கார் ஓட்டுநர்கள். அவர்கள் சுவாசித்ததில் ஒரு பங்கு மிட்ஜ்லியின் 1921-ம் ஆண்டுத் துளி.

ஈயம் போன பிறகு ஆக்டேனை எப்படி ஏற்றுவது? சுத்திகரிப்பு ஆலைகளே பெட்ரோலின் மூலக்கூறுகளை மாற்றியமைத்து ஏற்றுகின்றன. கூடவே, மிட்ஜ்லி ஒதுக்கிவைத்த எத்தனால் திரும்ப வந்துவிட்டது. அதன் ஆக்டேன் 108-ஐ ஒட்டி இருக்கும். 2023-ல் இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்தது, 2025-ல் நாடு முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. 91 ஆக்டேனாக இருந்த சாதாரண பெட்ரோல் இ20 கலப்பால் 95-ஐத் தொடுகிறது என்பது பெட்ரோலிய அமைச்சகத்தின் விளக்கம். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சக்தி சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஆக்டேன் ஏறினாலும் மைலேஜ் சில சதவீதம் இறங்கலாம். ஆக்டேனும் சக்தியும் வேறு வேறு என்பதற்கு இதுவே நல்ல உதாரணம்.

சரி, உங்கள் காருக்கு எது?

முதலில் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். இல்லாவிட்டால் காரோடு வந்த மேனுவலைப் பாருங்கள். குறைந்தபட்ச ஆக்டேன் எவ்வளவு என்று எழுதியிருக்கும்.

91 என்று இருந்தால்: சாதாரண பெட்ரோலே போதும். இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்கள் இந்த ரகம்தான். 95 அல்லது 100 ஆக்டேன் போட்டால் வண்டி பறக்காது, மைலேஜும் பெரிதாக ஏறாது. தாங்கும் திறன் கூடுதலாக இருந்தும் அதைப் பயன்படுத்த அந்த இன்ஜினுக்குத் தெரியாது. லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டு, மாதம் 60 லிட்டர் போட்டால் ஆண்டுக்கு 5,760 ரூபாய். அந்தக் காசில் ஒரு சர்வீஸையே முடித்துவிடலாம்.

95 வேண்டும் என்று இருந்தால்: அதையே போடுங்கள். டர்போ இன்ஜின்கள், விலை உயர்ந்த வெளிநாட்டு கார்கள், சில ஸ்போர்ட்ஸ் பைக்குகள் இந்த வகையில் வரும். 95 கட்டாயம் என்று எழுதியிருக்கிறதா, 95 போட்டால் நல்லது என்று எழுதியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். இரண்டும் ஒன்று கிடையாது.

குறைந்த ஆக்டேன் போட்டுவிட்டால்: பதற வேண்டாம். இன்றைய கார்களில் நாக்கிங்கைக் கேட்டுச் சொல்லும் சென்சார் இருக்கிறது. அது பொறி விடும் நேரத்தைத் தள்ளிவைத்து இன்ஜினைக் காப்பாற்றும். இழுவையும் மைலேஜும் கொஞ்சம் குறையும். அந்த டேங்க் தீரும்வரை மெதுவாக ஓட்டிவிட்டு, அடுத்த முறை சரியானதைப் போடுங்கள். இரண்டு பெட்ரோலும் கலந்தால் ஒன்றும் ஆகாது. சென்சார் இல்லாத பழைய வண்டியில்தான் சத்தத்தைக் கவனித்து ஓட்ட வேண்டும்.

பிரீமியத்தில் வேறு என்ன இருக்கிறது: இன்ஜினைச் சுத்தம் செய்யும் சில சேர்மங்கள் கலந்திருக்கும். அது ஆக்டேனிலிருந்து தனி விஷயம். சில பிரீமியம் பெட்ரோல்களில் இந்தச் சேர்மம் மட்டுமே கூடுதலாக இருக்கும், ஆக்டேன் ஏறியிருக்காது. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் எண் எவ்வளவு என்று பங்க்கில் கேளுங்கள். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95, எக்ஸ்பி100 போன்றவற்றில் எண் பெயரிலேயே இருக்கிறது.

அமெரிக்க வீடியோ பார்ப்பவர்கள் கவனத்துக்கு: அங்கே பங்க்கில் 87 என்று இருக்கும். அளக்கும் முறை வேறு. அந்த 87 நம்ம ஊர் 91-க்கு ஏறக்குறைய சமம்.

2023-க்கு முந்தைய கார் என்றால்: இ20-க்கு உங்கள் மாடல் ஏற்றதா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானவை அதைத் தாங்கும் பாகங்களோடு வந்தவை. பழைய வண்டிகளில் ரப்பர் குழாய், கேஸ்கெட் போன்றவற்றை சர்வீஸின்போது பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றினால் போதும். இது ஆக்டேன் பிரச்சினை இல்லை, எத்தனால் படும் பாகங்களின் பிரச்சினை.

சரியான பெட்ரோல் போட்டும் இன்ஜின் தட்டினால்: விலை உயர்ந்த பெட்ரோல் மருந்தாகாது. சிலிண்டரில் கரி படிந்திருக்கலாம், கூலன்ட் குறைந்து இன்ஜின் சூடேறியிருக்கலாம், தப்பான ஸ்பார்க் பிளக் போட்டிருக்கலாம், சென்சார் பழுதாகியிருக்கலாம். ஆக்டேனை ஏற்றினால் சத்தம் அடங்கும், காரணம் உள்ளேயே இருக்கும். மே மாத வெயிலில் ஏசியோடு முழு லோடு ஏற்றி ஓட்டும்போது தட்டும் சத்தம் கேட்டால், கியரைக் குறைத்து ஓட்டி, ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.